பாதாம் தெருவில் நட்ட கல்

சேசு மரி சூசை துணை

ரிச்மண்ட் டவுன், பெங்களூர்
4 செப்டம்பர் 1936

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

ஓஸ்வால்ட் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. இரண்டு பக்கம்தான், படித்துவிட்டுக் கிழி. நான் சுகம். உன் அப்பா வீட்டில் நீயும் நம் பெர்னதெத்தும் சுகமாயிருக்கத் தினமும் மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆறு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதக் கூடாது என்றாய், கேட்டேன். அதற்காகவாவது இதைப் படி.

ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிற நோயல் ஒரு செய்தி சொன்னான். உங்கள் காக்ஸ் டவுன் பாதாம் தெருவில் இனி மோட்டாரே போகக் கூடாது, இரண்டு முனையிலும் கல் நட வேண்டும் என்று தெருச் சங்கம் முனிசிபாலிட்டிக்கு மனுப் போடப் போகிறதாம். மனு எழுதுவது ஸ்கூல் டீச்சரம்மா பிரிஜெட் என்றும் சொன்னான்.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் முதலாளி அனந்தபத்மநாபன் ஸ்டேஷன் பக்கம் பட்டுக் கிடங்கு வைத்து இரண்டு வருஷமாகிறது. காலை ஒன்பதரைக்கு அவரை அங்கே இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்புவேன். பெரிய ரோட்டில் வந்தால் சீக்கிரம் வரலாம். நான் உங்கள் தெரு வழியாக வருகிறேன். பெர்னதெத் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். பாதாம் மரம் வந்ததும் வேகத்தைக் குறைத்து இரண்டு தரம் ஹார்ன் அடிப்பேன். அவள் கையை ஆட்டுவாள். நான் தொப்பியைத் தொடுவேன். அவ்வளவுதான். ஒரு நாளும் நிறுத்தியதில்லை, பேசியதில்லை. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அந்த ஒரு நிமிஷத்தை என்னிடமிருந்து எடுத்துவிடாதே, பிரிஜெட். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

உன் அன்பை இழந்த
ஓஸ்வால்ட்


சேசு மரி சூசை துணை

பாதாம் தெரு, காக்ஸ் டவுன்
12 செப்டம்பர் 1936

பெர்னதெத்தின் தகப்பனாருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை, பயப்படாதீர்கள். நான் பள்ளிக்கூடத்து மனுஷி, காகிதத்தைப் பத்திரப்படுத்துகிற பழக்கம் உண்டு.

ஏதோ பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரமே எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் கோயில் வாசலில் நின்று அடிப்பீர்களே, அதே ஹார்ன். இந்த ஊரில் வேறு யார் அப்படி அடிக்கிறார்கள்? போகட்டும் என்று விட்டேன். ரோடு என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே.

மனு நான் எழுதுவது நிஜம். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடந்தது. சங்கத் தலைவர் தியோடர், முன்னே போஸ்ட் மாஸ்டராக இருந்தாரே, அவர்தான் ஆரம்பித்தார். "எங்க வீட்டுக் குழம்புக்கு இப்ப ரோட்டுத் தூசிதாங்க தாளிப்பு. ஜெபமாலை சொல்ல உக்காந்தா, ஒவ்வொரு அருள் நிறைந்த மரியாயேக்கும் ஒரு பாம் பாம்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கோடி வீட்டு வக்கீல் கஸ்தூரிரங்கன், தெருவிலேயே மோட்டார் வைத்திருக்கிற ஒரே மனுஷர், எழுந்து கத்தினார். "மோட்டார் வாங்கினது குத்தமா? கல்லை நட்டுட்டா என் வண்டியை எங்கே வெச்சுக்கறது, தலையிலயா?" தியோடர் விடவில்லை. "மெயின் ரோட்டுல ஷெட்டு போட்டுக்குங்க சாமி. நாலடி நடந்து வந்தா காலு ஒண்ணும் தேஞ்சிடாது."

கால் என்ற வார்த்தை வந்ததும் ஹாலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மோட்டாரால் ஒரு பிள்ளை கெட்ட கதையைச் சொல்ல அங்கே என்னைவிட உரிமை யாருக்கு? ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு என் மகள் படியில் விழுந்து கால் ஊனமானவள் அல்லவா? அப்படிச் சொல்லச் சொன்னவர் நீங்கள்தானே.

அவளுக்கு மூன்று வயதில் நடந்தது, எதுவும் ஞாபகமில்லை. அப்பா ரங்கூனில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரங்கூன்காரர் பெங்களூரில் ஹார்ன் அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரிஜெட்


சேசு மரி சூசை துணை

ரிச்மண்ட் டவுன்
20 செப்டம்பர் 1936

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. அன்றைக்கு நான் குடித்திருந்தேன் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாய். அது மட்டும் நிஜமில்லை. பெருமைதான் காரணம். புது வண்டி, முதலாளி ஊரில் இல்லை. பிள்ளையைச் சீட்டின்மேல் நிற்கவைத்து, "பாப்பா, அப்பா எப்படி ஓட்டறேன் பாரு" என்று சொல்லி முனையில் திருப்பினேன். கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை. அவள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "படியில விழுந்தான்னு சொல்லு, நிஜம் தெரிஞ்சா வேலை போயிடும்" என்று கெஞ்சினேன். நீ சொன்னாய். அவர்கள் முழங்கால் வீக்கத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இடுப்பு எலும்பு விலகியிருந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இனி நேராகாது என்று சொல்லிவிட்டார்கள். என் வேலைக்காக அவள் காலைக் கொடுத்தேன். இதைவிடப் பச்சையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். முழுக்க மூடுவதற்குப் பதில் வேறு ஏதாவது வைக்கலாமே? ஜட்கா வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று போர்டு மாட்டலாம். ஹார்ன் அடிக்கக் கூடாது என்று போடலாம். நான் ஹார்ன் இல்லாமலே போகிறேன். காலை ஒரு மணி நேரம் மட்டும் விடலாம் என்றாலும் போதும். நீ சொன்னால் தியோடர் கேட்பார். நீ எழுதுவதைத்தானே அவர் படிக்கிறார்.

எதிர்பார்த்திருக்கும்
ஓஸ்வால்ட்


சேசு மரி சூசை துணை

பாதாம் தெரு, காக்ஸ் டவுன்
29 செப்டம்பர் 1936

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறீர்கள்.

மனுவை நிறுத்த என்னால் ஆகாது. முப்பத்தொரு வீட்டில் முப்பது வீடு கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் ஒரு வழி இருக்கிறது. நேற்று முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்திருந்தார். மனுவை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்களாம். வருகிற திங்கள் முதல் சனி வரை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, தெருவில் எத்தனை மோட்டார் போகிறது என்று நாங்களே எண்ணி நம்பரோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறைந்தால் இது வெறும் குடியிருப்புத் தெரு, கல் நட்டுவிடலாம். நாற்பதைத் தாண்டினால் பொது ரோடு ஆகிவிடும், அதை மூட யாராலும் முடியாதாம்.

இப்போது நாளைக்கு இருபது, இருபத்திரண்டு வண்டிதான் போகிறது. மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த டிரைவர்மார் இல்லையா? ஆனால் காரணத்தை ஒருவரிடமும் சொல்லாதீர்கள். தியோடர் காதில் விழுந்தால் என் மானம் போய்விடும்.

பெர்னதெத்துக்குப் போன வாரம் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலாம். கறுப்பு வண்டி வரவில்லையானால் அன்றைக்குச் சாப்பிட அடம் பிடிக்கிறாள். இதையும் உங்களிடம் சொல்லத் தோன்றியது.

பிரிஜெட்


சேசு மரி சூசை துணை

ரிச்மண்ட் டவுன்
11 அக்டோபர் 1936

என் அன்பான பிரிஜெட்டுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இந்த வாரம் முழுக்க வண்டி ஓட்டினேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

திங்கட்கிழமை நான் மட்டுமே ஒன்பது தடவை வந்தேன். கிடங்குக்கும் வீட்டுக்குமாக முதலாளி ஒரு காகிதத்தைக் கேட்டாலும், "இதோ ஜல்தி கொண்டாறேன் சார்" என்று கிளம்பிவிடுவேன். நோயலும் அவன் ஸ்டாண்டில் இருக்கிற ஆறு டாக்சிக்காரர்களும் காலியாக வரும்போதெல்லாம் உங்கள் தெருவில் நுழைந்தார்கள். காரணம் சொல்லவில்லை, கோபப்படாதே. "ஏன்டா ஓஸ்வால்ட், உன் மாமனார் தெருவுல என்ன, மைசூர் தசராவா நடக்குது?" என்று நோயல் கேலி செய்தான். சிரித்து மழுப்பிவிட்டேன். சனிக்கிழமை நானே பதினான்கு நடை. தியோடர் வாசலில் வந்து நின்று கையைத் தூக்கி ஆட்டினார். நான் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனேன்.

ஒன்று வேடிக்கை. வக்கீல் கஸ்தூரிரங்கனுடைய வண்டி வாரம் முழுக்க வெளியே வரவில்லை. ஜட்காவில் கோர்ட்டுக்குப் போகிறார்! எண்ணுகிற வாரத்தில் வண்டியை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறாரே, இவரெல்லாம் எப்படி வக்கீலானார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெர்னதெத் விஷயம்தான் மனதில் நெருடுகிறது. இந்த வாரம் அவள் கையை ஆட்டவேயில்லை. வண்டி மரத்தடிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்க்கிறாள், உடனே குனிந்து மடியில் வைத்திருக்கிற நோட்டில் ஏதோ எழுதுகிறாள். எனக்குப் பின்னந்தலைதான் தெரிகிறது. நடுவகிடு எடுத்து ரெட்டைப் பின்னல் போடுகிறாய் போலிருக்கிறது. பாடம் எழுதுகிறாளா? அல்லது என்மேல் ஏதாவது கோபமா? ஒரு வரி எழுது.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பொம்மை மோட்டார் வாங்கி வைத்திருக்கிறேன். சாவி கொடுத்தால் ஓடும். யார் கொடுத்தது என்று சொல்லாமலே கொடுத்துவிடலாம். நீ சம்மதித்தால் போதும்.

உன் ஓஸ்வால்ட்


சேசு மரி சூசை துணை

பாதாம் தெரு, காக்ஸ் டவுன்
14 நவம்பர் 1936

பெர்னதெத்தின் தகப்பனாருக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. வேலை முடியட்டும் என்று காத்திருந்தேன். நேற்று முடிந்தது. தெருவின் இரண்டு முனையிலும் மூன்று மூன்று கருங்கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், கைவண்டி போகலாம். மோட்டார் போகாது. ஜட்காவும் போகாது, அதற்கு வக்கீல் இனிமேல்தான் கத்துவார்.

ஓவர்சியர் சொன்ன கணக்கை உங்களுக்கு நான் தலைகீழாகத் திருப்பி எழுதினேன். நாற்பதுக்குக் குறைந்தால் தெருவில் தொந்தரவு இல்லை, மனுவைத் தள்ளிவிடுவோம் என்பதுதான் அவர் சொன்னது. தாண்டினால் மூடுவதாகச் சொன்னார். ஹாலில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதனால்தான் வக்கீல் தன் வண்டியைப் பூட்டி வைத்தார். அந்த வாரம் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே மோட்டார்க்காரர் அவர்தான்.

நீங்கள் வராமல் இருந்திருந்தால் மனு தோற்றிருக்கும். தியோடர் அந்தத் திங்கட்கிழமை காலையில் முகம் தொங்கிப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார். ஆறு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வண்டி. அதில் 1142 என்ற நம்பர் மட்டும் அறுபத்தொரு தடவை. ஓவர்சியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது தெருவா, மோட்டார் ஷெட்டா?" என்று கேட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நீங்கள் முதலாளியின் பெட்ரோலில் வைத்துக்கொண்டீர்கள்.

பெர்னதெத் என்ன எழுதினாள் என்று கேட்டிருந்தீர்கள். உங்களைத்தான் எழுதினாள். நாள் முழுக்க ஜன்னலில் இருப்பவள் அவள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். எண்ணுகிற வேலையை அவளிடமே கொடுத்தேன். "அம்மா, கறுப்பு வண்டி இன்னிக்கு பதினாலு தடவ வந்துச்சு!" என்று சனிக்கிழமை குஷியில் கத்தினாள். 1142 வருகிற இடத்தில் எல்லாம் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். நல்ல பிரதி எடுக்கும்போது நட்சத்திரத்தை நான் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் மூன்று தரம் கேட்டார். "நிஜமாவே படியிலதான் விழுந்தாளா?" மூன்று தரமும் ஆமாம் என்றேன். மூன்றாவது தரம் அவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். அப்போதாவது சொல்லியிருந்தால் இன்றைக்கு என் பிள்ளை கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருப்பாள். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். நான் படித்த பாடத்தை மறக்கிறவள் இல்லை.

உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் செய்தேன். வலித்திருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்து வர ஆசைப்பட்டால் தாராளமாக வாருங்கள், கல்லுக்கு நடுவே இடமிருக்கிறது. ஆனால் அவளுக்கு வண்டியைத்தான் தெரியும், நம்பரைத் தெரியும், தூரத்தில் ஒரு தொப்பியைத் தெரியும். உங்கள் முகத்தைத் தெரியாது. பொம்மை மோட்டாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சாவி கொடுத்து ஓட்டலாம்.

பிரிஜெட்


சேசு மரி சூசை துணை

அடுகோடி
27 டிசம்பர் 1936, ஞாயிறு

பிரிஜெட்டுக்கு,

விலாசம் மாறியிருக்கிறது, பார்த்திருப்பாய். 1142 அறுபத்தொரு தடவை போன கதை டாக்சி ஸ்டாண்டில் சுற்றி முதலாளி காதுக்கும் வந்துவிட்டது. "என் வண்டியாய்யா அது?" என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆமாம் என்றேன். எதற்கு என்று கேட்டார். என் பிள்ளையைப் பார்க்க என்றேன். அன்றைக்கே தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். எந்த வேலைக்காக உன்னைப் பொய் சொல்ல வைத்தேனோ, அந்த வேலை போய்விட்டது. இப்போது இங்கே ஒரு பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிறேன். நோயலுடைய அறையில் தங்கியிருக்கிறேன்.

உன்மேல் கோபம் வந்தது. இரண்டு வாரம் இருந்தது. பிறகு உன் கடிதத்தில் டாக்டர் கேட்ட இடத்தை மறுபடி படித்தேன். அந்த மூன்று தரமும் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இன்று காலை நடந்து வந்தேன். நீ பூசைக்குப் போயிருந்தாய். உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

கல்லைத் தாண்டி உள்ளே வந்தேன். தெரு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது. தியோடர் வீட்டுப் பிள்ளைகள் நடுரோட்டில் கோலி ஆடுகின்றன. தியோடர் சொன்னது நியாயம்தான், தெருவுக்கு இது நல்லது. பெர்னதெத் ஜன்னலில் இருந்தாள். அத்தனை கிட்டத்தில் அவளைப் பார்த்து ஆறு வருஷமாகிறது. உன் நெற்றி, என் காது. நான் பாதாம் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓரமா நில்லுங்க, ரோடு தெரியல" என்றாள்.

ஆறு வருஷத்தில் என் மகள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நகர்ந்து நின்றேன்.

"கறுப்பு வண்டி ஒண்ணு வருமே, உங்களுக்குத் தெரியுமா? 1142. இனிமே வராதா?" என்று கேட்டாள்.

"வராதும்மா" என்றேன்.

"ஏன்?"

"கல்லு நட்டுட்டாங்கல்ல."

"யாரு நட்டது?"

உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பிரிஜெட். மனு எழுதியது யார், அவளை எண்ணவைத்தது யார், எல்லாம் வந்தது. அவள் மடியில் அந்த நோட்டு இருந்தது. நட்சத்திரம் போட்டது அவள்தான். அந்த நோட்டை வைத்துத்தான் தெருவை மூடினார்கள் என்று ஒரு நாள் யாராவது சொல்லிவிட்டால் பிள்ளை தாங்கமாட்டாள்.

"நான்தாம்மா நட்டேன்" என்று சொன்னேன்.

அவள் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டாள். உள்ளே இரும்புக் கம்பி கட்டிய செருப்பு இழுபடுகிற சத்தம் கேட்டது. பின்கட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இனி நான் வரமாட்டேன், எழுதவும் மாட்டேன். பொம்மையை உங்கள் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன், யாராவது ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும்.

கல் நட்டது யார் என்று அவள் உன்னிடம் கேட்பாள். தெருவில் வந்த அந்த ஆள்தான் என்று சொல். மூன்று தரம் கேட்டாலும் அப்படியே சொல்.

ஓஸ்வால்ட்